பதிவேற்றும் படம் எந்த மடையில் நிற்கிறது?

தக்கலைப் பக்கத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், கன்னியாகுமரி மாவட்டத்தின் குளங்களையும் கால்வாய்களையும் மடைக் கல்வெட்டுகளையும் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறார். வாடகைக்கு எடுத்த சிறிய சர்வர் ஒன்றில் வேர்ட்பிரஸ் என்னும் தள மென்பொருளை நிறுவி, தாமே நடத்திவரும் தளத்தில் அவற்றைச் சேர்க்கிறார். அவர் எனக்கு எழுதியதன் சுருக்கம் இது. பழைய கைப்பேசியில் எடுத்த படங்கள் தடையின்றி ஏறின. 50 மெகாபிக்சல் கேமரா உள்ள புதிய கைப்பேசிக்கு மாறிய பின் பெரும்பாலான படங்கள் ஏறுவதில்லை. சில நேரம் 'சர்வருக்கு வேலை அதிகம், சிறிய படத்தை ஏற்றுங்கள்' என்னும் பொருளில் ஒரு செய்தி வருகிறது. சில நேரம் காரணமே சொல்லாமல் நின்றுவிடுகிறது. அண்மையில் வேறு ஹோஸ்டிங்குக்கு மாறிய பிறகு, முன்பே ஏறியிருந்த படங்களிலும் சில, குறிப்பாக மாத்தூர் தொட்டிப்பாலத்தின் படங்கள், தளத்தில் தெரிவதில்லை. பதிவேற்றக் கோப்புறைக்கு 777 என்று அனுமதி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்யலாமா என்று கேட்கிறார்.

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து செய்ய வேண்டாம். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்கு எந்த அமைப்பையும் மாற்றாமல் இருங்கள். தங்களுக்கு இருப்பது ஒரு சிக்கல் அன்று, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள். ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் இரண்டுமே குழம்பிவிடும்.

தாங்கள் கால்வாய்களை அறிந்தவர் என்பதால் இதை எளிதாக விளக்க முடிகிறது. பேச்சிப்பாறை அணையில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடை ஏலாவுக்கு, அதாவது கடைசி வயல்வெளிக்கு, வந்து சேரவில்லை என்றால், விவரம் தெரிந்த விவசாயி கண்ணில் பட்ட மதகையெல்லாம் திறக்கமாட்டார். கால்வாய்க் கரையோடு நடந்து, தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது, எந்த இடத்துக்கு அப்பால் வரவில்லை என்று பார்ப்பார். தாங்கள் ஏற்றும் படத்துக்கும் அப்படிப்பட்ட வழி உண்டு. உலாவியிலிருந்து கிளம்பும் படம் முதலில் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி என்னும் இணையச் சர்வரிடம் வருகிறது. அது, வேர்ட்பிரஸை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியிடம் கொடுக்கிறது. பிஎச்பி அதைத் தற்காலிகக் கோப்புறையில் வைக்கிறது. வேர்ட்பிரஸ் கோப்பின் வகையைச் சோதித்து, ஆண்டு, மாதம் என்று பிரித்த கோப்புறைக்கு நகர்த்துகிறது. அதன் பின் படத்தைத் திறந்து பல அளவுகளில் சிறிய பிரதிகளை உருவாக்குகிறது. இறுதியில் தரவுத்தளத்தில் பதிவு செய்கிறது. இந்த மடைகளில் எதில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதைத் தெரிந்துகொள்ள மூன்று சோதனைப் படங்கள் போதும். முதலாவது, 100 கேபிக்குள் அடங்கும் சிறிய ஜேபெக் படம், ஆங்கில எழுத்தில் குட்டிப் பெயர். இரண்டாவது, அதே படம், தமிழ்ப் பெயருடன். மூன்றாவது, புதிய கைப்பேசியில் எடுத்த முழு அளவுப் படம், மீண்டும் ஆங்கில எழுத்துப் பெயருடன். முதல் படமே ஏறவில்லை என்றால் அனுமதி, வட்டில் இடமின்மை, பாதுகாப்புச் செருகுநிரல் போன்ற பொதுவான தடை. முதலாவது ஏறி இரண்டாவது நின்றால் பெயர்தான் காரணம். முதல் இரண்டும் ஏறி மூன்றாவது மட்டும் நின்றால் கோப்பின் எடையோ படத்தின் பரப்போ காரணம். தாங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மூன்றாவது மட்டும் நிற்கும் என்றே எதிர்பார்க்கிறேன்.

மூன்றாவதை ஏற்றும்போது கணினி உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, 'நெட்வொர்க்' என்னும் பகுதியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தோற்றுப்போன கோரிக்கை சிவப்பில் தெரியும், அதன் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண்தான் தங்களுக்கு வேண்டியது. 413 என்றால் படம் முதல் மடையிலேயே, அதாவது இணையச் சர்வரிலேயே, பெரிது என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. 403 என்றால் பாதுகாப்பு விதி ஏதோ தடுத்திருக்கிறது. 500 என்றால் படம் உள்ளே வந்துவிட்டது, அதைக் கையாளும்போது பிஎச்பி நின்றுபோயிருக்கிறது. 502, 504 என்றால் பிஎச்பி நடுவில் செத்திருக்கிறது அல்லது குறித்த நேரத்துக்குள் பதில் தரவில்லை. திரையில் வேர்ட்பிரஸ் காட்டும் வாசகத்தைவிட இந்த எண் நம்பகமானது. ஏனென்றால் பிஎச்பியே செத்துவிட்டால், என்ன நடந்தது என்று தங்களுக்குச் சொல்ல வேர்ட்பிரஸால் முடியாது.

413 வந்தால் தீர்வு எளிது. என்ஜின்எக்ஸில் 'கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்' என்னும் அமைப்பு, யாரும் மாற்றாதவரை, 1 எம்பியாகவே இருக்கும். அதைக் கடந்தாலும் பிஎச்பியில் இரண்டு வரம்புகள் காத்திருக்கின்றன: ஒரு கோப்புக்கான 'அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ்' இயல்பில் 2 எம்பி, மொத்தக் கோரிக்கைக்கான 'போஸ்ட்_மேக்ஸ்_சைஸ்' 8 எம்பி. இரண்டாவது எப்போதும் முதலாவதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் கோப்போடு படிவத்தின் மற்றத் தகவல்களும் சேர்ந்தே பயணிக்கின்றன. இந்த இரண்டாவது வரம்பைத் தாண்டினால் ஏற்படும் விளைவு பலரைத் தவறான வழியில் கொண்டுபோய் விட்டிருக்கிறது: பிஎச்பி வந்த அனைத்தையும் மொத்தமாகக் கைவிட்டுவிடுவதால், வேர்ட்பிரஸுக்குப் படமும் கிடைப்பதில்லை, அனுப்பியவர் தாங்கள்தான் என்பதற்கான அடையாளக் குறியும் கிடைப்பதில்லை. அதனால் அளவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், இணைப்பு காலாவதியாகிவிட்டது என்பது போன்ற செய்தி வரக்கூடும். அதை நம்பிக் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தங்கள் தேவைக்குக் கோப்பு வரம்பு 32 எம்பி, மற்ற இரண்டும் 40 எம்பி என்று வைத்தால் தாராளம்.

மாற்றிய பின்னும் மாறாதது போலத் தோன்றினால் மனம் தளர வேண்டாம். பிஎச்பிக்கு அமைப்புக் கோப்பு ஒன்றல்ல. கட்டளை வரிக்கு ஒன்றும் இணையத்துக்கு ஒன்றுமாகத் தனித்தனியே இருக்கும். கட்டளை வரியில் சோதித்துப் பார்த்து 'மாறிவிட்டதே' என்று ஏமாறுவது வழக்கம். சர்வர் தங்கள் கையில் இருந்தால் மாற்றிய பின் பிஎச்பி-எஃப்பிஎம் சேவையை மறுபடி ஏற்ற வேண்டும். பகிர்வு ஹோஸ்டிங்கில் '.யூசர்.ஐஎன்ஐ' கோப்பு வழியாக மாற்றினால், அது இயல்பில் 300 வினாடிக்கு ஒருமுறைதான் மறுபடி படிக்கப்படும். எனவே 5 நிமிடம் பொறுத்திருந்து சோதியுங்கள். உண்மையில் நடப்பில் உள்ள மதிப்பை வேர்ட்பிரஸின் 'கருவிகள்' பட்டியலில் உள்ள தள நலப் பக்கத்தில், தகவல் என்னும் பிரிவில் காணலாம். ஊடகக் கையாளுகை என்னும் தலைப்பின் கீழ் படங்களைத் திறந்து சிறிதாக்கும் நிரல் ஜிடியா, இமேஜிக்கா என்பதும் அங்கேயே எழுதியிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி 500 வந்தால். தங்கள் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஜேபெக் படம் வட்டில் இருக்கும்போது சுருங்கி இருக்கிறது. அதைச் சிறிதாக்க வேண்டுமானால் முதலில் நினைவகத்தில் முழுவதுமாக விரிக்க வேண்டும், விரித்தபின் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது பிக்சலுக்கும், 4 பைட் தேவை. தங்கள் பழைய கைப்பேசியின் 4000-க்கு 3000 புள்ளிப் படம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் கொண்டது. விரித்தால் 4 கோடியே 80 லட்சம் பைட், ஏறத்தாழ 46 எம்பி. புதிய கைப்பேசியின் 50 மெகாபிக்சல் படம் பொதுவாக 8160-க்கு 6120 என்னும் அளவில் வரும். பெருக்கிப் பாருங்கள்: 4,99,39,200 புள்ளிகள். நான்கால் பெருக்கினால் 19,97,56,800 பைட், ஏறத்தாழ 190 எம்பி. பிஎச்பியின் இயல்பான நினைவக வரம்பு 128 எம்பி. படங்களைக் கையாளும்போது வேர்ட்பிரஸ் அதை 256 எம்பி வரை உயர்த்திக்கொள்ள முயலும். ஹோஸ்டிங் அதற்கு இடம் தரவில்லை என்றால் 190 எம்பி அங்கே நுழையவே முடியாது. இடம் தந்தாலும் வேர்ட்பிரஸும் செருகுநிரல்களும் புதிதாக உருவாகும் சிறிய பிரதியும் சேரும்போது விளிம்பில்தான் நிற்கும். கோப்பின் எடை 12 எம்பிதானே என்று நாம் நினைக்கிறோம். சர்வருக்கு அது 190 எம்பி. ஆகவே எடையைக் குறைத்துப் பரப்பை அப்படியே விட்டால் பயனில்லை.

இதை உறுதி செய்ய ஒரு வழி உண்டு. வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பில் பிழைப் பதிவை இயக்கிவிட்டு, படத்தை ஒருமுறை ஏற்றிவிட்டு, 'டபிள்யூபி-கன்டென்ட்' கோப்புறையில் உருவாகும் பிழைப் பதிவின் கடைசி வரியைப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட நினைவகம் தீர்ந்துவிட்டது என்ற வரியும் அதில் 134217728 என்ற எண்ணும் இருந்தால், அது 128 எம்பியைப் பைட்டில் எழுதியது. 268435456 என்றால் 256 எம்பி. பார்த்து முடித்ததும் பதிவை நிறுத்திக் கோப்பை நீக்கிவிடுங்கள், ஏனென்றால் அதை வெளியிலிருந்தும் சிலர் திறந்து படிக்க முடியும்.

இமேஜிக் பயன்படும் சர்வரில் நிலைமை சற்று வேறு. அது எடுக்கும் நினைவகம் பிஎச்பியின் கணக்கில் வருவதில்லை, அதனால் பிழைப் பதிவில் ஒன்றும் இருக்காது. 1 ஜிபி நினைவகம் மட்டும் உள்ள சிறிய சர்வரில் இயந்திரத்தின் நினைவகமே தீர்ந்து, இயங்குதளம் ஏதாவது ஒன்றை நிறுத்தித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். பலமுறை நிறுத்தப்படுவது தரவுத்தளம். படம் ஏற்றியவுடன் தளமே 'தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை' என்று சொன்னால், அந்தப் பிழையைத் தரவுத்தளத்தில் தேடாதீர்கள்.

2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பிலிருந்து, 2560 புள்ளியைத் தாண்டும் படங்களை வேர்ட்பிரஸ் தானாகவே அந்த அளவுக்குக் குறைத்து, பெயரின் முடிவில் 'ஸ்கேல்டு' என்ற சொல்லைச் சேர்த்து, அதையே தளத்தில் காட்டுகிறது. ஆக, 50 மெகாபிக்சலைப் பெரும்பாடுபட்டு ஏற்றினாலும் வாசகர் பார்க்கப்போவது 2560 புள்ளிதான். நினைவக வரம்பை உயர்த்துவது ஒரு வழி. ஆனால் படத்தை வீட்டிலேயே குறைத்து ஏற்றுவதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. நீண்ட பக்கம் 2560 புள்ளி என்று குறைத்து ஏற்றுங்கள், மூலப் படத்தை இரண்டு வட்டுகளில் பத்திரமாக வையுங்கள். மடைக் கல்வெட்டுக்கு மட்டும் இந்த விதியைத் தளர்த்த வேண்டும்: முழுக் கல்லையும் ஒரே படமாகக் குறைத்தால் எழுத்துகள் மங்கிவிடும் என்பதால், வரி வரியாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 2560-க்குள் வைத்து ஏற்றினால் படிப்பவர் எழுத்தின் வெட்டையே பார்க்க முடியும். கைப்பேசியிலிருந்து கணினிக்குப் படத்தைக் கொண்டுவர வாட்ஸ்அப்பைப் பயன்படுத்தினால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள்; படமாக அனுப்பினால் வழியிலேயே அது சுருக்கப்படும், கல்வெட்டுக்கு அது பேரிழப்பு.

தங்கள் புதிய கைப்பேசி எச்இஐசி வடிவில் சேமிக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்தக் கோப்புப் பெயரின் முடிவில் வகையைக் காட்டும் ஒட்டை மட்டும் ஜேபெக் என்று மாற்றி ஏற்றுவது பலிக்காது. வேர்ட்பிரஸ் உள்ளிருப்பதைச் சோதிக்கிறது. கேமரா அமைப்பில் ஜேபெக்கைத் தேர்ந்தெடுப்பதே போதும்.

இனி இரண்டாவது சிக்கல், தெரியாமல் போன தொட்டிப்பாலம். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் அனைவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று நெருங்கிப் பார்ப்போம். 'தொட்டிப்பாலம்' என்பது நம் கண்ணுக்கு 7 எழுத்து: தொ, ட், டி, ப், பா, ல, ம். யூனிகோடில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 13 குறிகள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் என்பதால் 39 பைட். இதில் முதல் எழுத்தான 'தொ'வை இரண்டு விதமாக எழுத முடியும். தகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். எகரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறிகளாக வைப்பது மற்றொரு விதம். இரண்டாம் முறையில் அதே சொல் 14 குறி, 42 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சர்வருக்கோ அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். தரவுத்தளம் 39 பைட் பெயரைக் கேட்கிறது, வட்டில் இருப்பது 42 பைட் பெயர், ஆகவே 404, அதாவது 'கோப்பு இல்லை' என்னும் பதில். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்யோ தனி ஔ எழுத்தோ உள்ள பெயர்களுக்கு மட்டுமே இது நேரும். தங்கள் பட்டியலில் தொட்டிப்பாலம், தோவாளைக் கால்வாய், கோட்டாறு ஆகியவை தெரியாமல், பேச்சிப்பாறையும் புத்தனாறும் ஒழுங்காகத் தெரிகின்றன என்றால் இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

எப்படி மாறியது? ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அப்படிப்பட்ட கணினிக்கு ஒருமுறை இறக்கி, அங்கிருந்து புதிய சர்வருக்கு ஏற்றியிருந்தால் பெயர் வழியில் பிரிந்திருக்கும். சரிசெய்ய, சர்வரில் 'கான்வ்எம்வி' என்னும் கருவியை நிறுவி, யூடிஎஃப்-8-இலிருந்து யூடிஎஃப்-8-க்கே, என்எஃப்சி என்னும் சேர்ந்த வடிவுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். அந்தக் கருவியின் நல்ல குணம், 'நோடெஸ்ட்' என்று தனியே சொல்லாதவரை அது எதையும் மாற்றாது, என்ன மாற்றப்போகிறது என்று காட்ட மட்டுமே செய்யும். முதலில் காப்பு எடுங்கள், பின் காட்டச் சொல்லுங்கள், பட்டியல் சரியாக இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

தமிழ்ப் பெயருக்கு வேறொரு வரம்பும் உண்டு. லினக்ஸில் பரவலாக உள்ள கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகாது. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து, தமிழில் 85 குறி. படத்தின் விளக்கத்தையே பெயராக எழுதும் வழக்கம் தங்களுக்கு இருப்பதால், அதோடு வேர்ட்பிரஸ் சேர்க்கும் அளவு ஒட்டுகளும் சேர்ந்து எல்லையைத் தொட்டுவிடும். இனி ஏற்றும் படங்களுக்கு ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயரும் தேதியும் எண்ணுமாகக் குறுகிய பெயர் வையுங்கள். தமிழுக்கு உரிய இடம் படத்தின் தலைப்பு, விளக்கம், மாற்றுரை ஆகியவை. அங்கே எவ்வளவு நீளமாக, எவ்வளவு அழகாகத் தமிழில் எழுதினாலும் எதுவும் உடையாது. பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டுவதும் அந்த மாற்றுரையைத்தான்.

இப்போது 777. அந்த எண்ணின் பொருள், அந்தச் சர்வரில் உள்ள எந்தக் கணக்கும் அந்தக் கோப்புறையில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது. பல ஆண்டுகளுக்கு முன் மார்த்தாண்டத்தில் ஒரு புகைப்பட நிலையத்தின் தளத்துக்கு, அவசரத்தில், நானே அதைச் செய்தேன். படங்கள் ஏறின, எல்லாரும் மகிழ்ந்தோம். சில வாரங்களில் பதிவேற்றக் கோப்புறைக்குள் யாரோ வைத்த பிஎச்பி கோப்பு ஒன்று ஆயிரக்கணக்கில் குப்பை அஞ்சல் அனுப்பத் தொடங்கி, ஹோஸ்டிங் நிறுவனம் கணக்கையே முடக்கியது. கல்யாண மாதத்தில் அவருடைய தளம் மூடிக் கிடந்ததற்கு என் அவசரம் காரணம் என்பது இன்றும் எனக்கு வருத்தம். கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 போதுமானது. அதைவிட முக்கியம் உரிமையாளர் யார் என்பது. இடமாற்றத்தின்போது ரூட் என்னும் தலைமைக் கணக்கில் நகலெடுத்திருந்தால் எல்லாம் ரூட்டுக்கு உரியதாகிவிட்டிருக்கும்; பிஎச்பி எந்தக் கணக்கில் இயங்குகிறதோ, அந்தக் கணக்குக்கு உரிமையை மாற்றுங்கள். உபுண்டு, டெபியன் சர்வர்களில் பெரும்பாலும் அதன் பெயர் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா'. இது தவறாக இருப்பதற்கு ஓர் அடையாளம் உண்டு: மாதக் கடைசி வரை ஏறிய படங்கள் 1ஆம் தேதி முதல் ஏறாது, ஏனென்றால் புதிய மாதத்துக்கான கோப்புறையை உருவாக்க வேர்ட்பிரஸால் முடிவதில்லை. இதோடு, பதிவேற்றக் கோப்புறைக்குள் பிஎச்பி இயங்காதபடி இணையச் சர்வரில் தடையும் போட்டுவிடுங்கள். அங்கே படங்களைத் தவிர வேறெதற்கும் வேலையில்லை.

வட்டில் இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இடம் இருந்தும் 'இடமில்லை' என்று வந்தால் கோப்புகளின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டிருக்கலாம். பெரிய படம் ஒன்றை ஏற்றினால் மூலம், குறைத்த பிரதி, 150, 300, 768, 1024, 1536, 2048 புள்ளி அளவுப் பிரதிகள் என்று 8 கோப்புகள் உருவாகின்றன. தீம் கேட்பவை அதற்கு மேல். தோற்றுப்போன முயற்சிகளின் மிச்சமும் சில வேளை தங்கிவிடும். எல்லாம் சரியான பின், வேர்ட்பிரஸைக் கட்டளை வரியிலிருந்து இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ என்னும் கருவி வழியாக, விடுபட்ட அளவுகளை மட்டும் மறுபடி உருவாக்கச் சொன்னால் பாதியில் நின்ற படங்கள் முழுமை பெறும்.

அணைப் பக்கத்தில் நின்றுகொண்டே கைப்பேசி இணைப்பில் ஏற்றும்போது நின்றுபோனால், அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வீட்டுக்கு வந்து ஏற்றிப் பாருங்கள்.

மூன்று சோதனைப் படங்களையும் ஏற்றிவிட்டு, மூன்றாவது படத்துக்கு வந்த எண், பிழைப் பதிவின் கடைசி வரி, தள நலப் பக்கத்தில் இருப்பது ஜிடியா இமேஜிக்கா என்ற விவரம் ஆகிய மூன்றையும் எனக்கு எழுதுங்கள். தொட்டிப்பாலத்துக்கு 'கான்வ்எம்வி' காட்டும் பட்டியலையும் சேர்த்து அனுப்பினால், மாற்றுவதற்கு முன் நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.